கருப்புத் திரையே வேண்டாம் என்பவர்களும் அது இல்லாமல் முடியாது என்பவனும் ஒரே இயங்குதளத்தில்: எப்படிச் சமாளிப்பது?

தட்டச்சுப்பிரியன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகம் சின்னது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, இருக்கிற கணினிகளில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11 ஏறாது, அதனால் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் பல வருடமாக டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை ஓட்டுகிற எழுத்துத் திரை) கிடக்கிறவன். மற்றவர்கள் அப்படியில்லை. கணக்கு பார்க்கிறவர், வடிவமைப்பு செய்கிறவர், கடிதப் போக்குவரத்து பார்க்கிறவர் என்று எல்லோரும் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினாலே "ஐயோ, ஏதோ ஆகிவிட்டது" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

விசாரித்த இடத்தில் எல்லாம் இரண்டே விதமான பதில். எளிமையான டெஸ்க்டாப் போட்டுவிடு, மின்ட் போடு, உபுண்டு போடு, அவர்களுக்கு அதுவே போதும் என்கிறது ஒரு கட்சி. எளிமை என்ற பெயரில் எல்லாவற்றையும் மூடி மறைத்த டிஸ்ட்ரோவை, அதாவது மின்ட், உபுண்டு மாதிரியான லினக்ஸ் தொகுப்பைப் போட்டால் நாளைக்குக் கோளாறு வரும்போது நீதான் அவதிப்படுவாய், ஆர்ச் போட்டு எல்லாவற்றையும் கையால் அமைத்துவிடு என்கிறது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே அரைகுறையாகத் தோன்றுகிறது.

நான் கேட்பது இதுதான். எளிமையைக் கூட்டினால் கட்டளை வரியின் பலம் குறைந்துதான் ஆகவேண்டுமா? அவர்கள் மவுஸை வைத்து ஒன்றை மாற்றுகிறார்கள், நான் என் மேசையிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக அதே கணினிக்குள் போய் இன்னொன்றை மாற்றுகிறேன், இருவர் செய்ததும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்குமா? முன்பெல்லாம் சில கன்ட்ரோல் பேனல்களைத் திறந்து மூடினாலே கையால் எழுதிவைத்த கன்ஃபிக் (அமைப்பு) வரிகள் காணாமல் போகும், அந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் இன்னொன்று. இவர்களில் யாராவது ஒருவர் நாளடைவில் டெர்மினல் பக்கம் எட்டிப் பார்த்தால் எனக்கு வேலை குறையும். கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் வழி திறந்திருக்கிற மாதிரி அமைக்க முடியுமா?

ஷெல்வாசி:

டிஸ்ட்ரோ பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கேள்வியில் முக்கியமானது அந்த "ஒன்றையொன்று அழிக்காமல்" என்கிற பகுதிதான்.

ஒரு கருவி எளிமையானதா, பலமானதா என்று பார்ப்பதை விட, அதன் விண்டோவும் அதன் கட்டளையும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றனவா என்று பாருங்கள். குளம் ஒன்று, படித்துறை இரண்டு என்றிருந்தால் சண்டை வராது. நெட்வொர்க் மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கிறது, வைஃபை பட்டியலும் இணைப்பு விவரமும் அதன் கையில். டெஸ்க்டாப்பின் மூலையில் இருக்கிற வைஃபை படத்தைக் கிளிக் செய்தாலும் அதனிடம்தான் கேட்கிறது, டெர்மினலில் என்எம்சிஎல்ஐ அடித்தாலும் அதனிடம்தான் கேட்கிறது, எஸ்எஸ்எச்சில் போய் அம்புக்குறி விசையால் மெனுவில் நகர வேண்டுமென்றால் என்எம்டியூஐ இருக்கிறது, அதுவும் அதனிடமே. எதில் மாற்றினாலும் மற்ற இரண்டிலும் தெரியும். பிரிண்டருக்கான கப்ஸும் இதே கதைதான்: செட்டிங்ஸில் பிரிண்டர் சேர்க்கலாம், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 என்று போய்ச் சேர்க்கலாம், எல்பிஅட்மின் கட்டளையால் சேர்க்கலாம், எப்படிச் செய்தாலும் போய்த் தட்டுவது ஒரே கப்ஸ் சர்வரின் கதவை.

நீங்கள் பயப்படுகிற பேனல்கள் அப்படியில்லை. அவை தங்களுக்கென்று தனியாக ஒரு பதிவை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கன்ஃபிக் கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதும். நீங்கள் கையால் சேர்த்த வரி அதன் கணக்கிலேயே கிடையாது, அடுத்த தடவை யாராவது "சேமி" பொத்தானை அழுத்தினால் போயே போச்சு. இன்றைக்கும் இந்த ரகம் முழுதாக ஒழியவில்லை. அதனால் எந்தக் கருவியாக இருந்தாலும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை: கட்டளையில் ஒன்றை மாற்றுங்கள், விண்டோவைத் திறந்து அது தெரிகிறதா பாருங்கள், விண்டோவில் வேறொன்றை மாற்றிச் சேமியுங்கள், முதலில் மாற்றியது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் தேறாததை அலுவலகக் கணினியில் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

டெஸ்க்டாப் செட்டிங்ஸ் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. க்னோம் டெஸ்க்டாப் ஓடுகிற கணினியில் டெர்மினலைத் திறந்து டிகான்ஃப் வாட்ச் என்று அடித்து, ஓர் இடம் விட்டு ஒரு சாய்கோடு போட்டு என்டர் தட்டுங்கள். ஒன்றும் நடக்காது, சும்மா காத்துக்கொண்டிருக்கும். இப்போது செட்டிங்ஸைத் திறந்து டார்க் மோடுக்கு மாற்றுங்கள், மவுஸ் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் எந்தக் கீயின் (அமைப்பின் பெயர்) மதிப்பு என்னவாக மாறியது என்று டெர்மினலில் வரி வரியாக விழும். அந்தக் கீயையும் மதிப்பையும் எடுத்து, மதிப்பை முழுதாக மேற்கோளுக்குள் வைத்து, டிகான்ஃப் ரைட் என்று முன்னால் போட்டால், அடுத்த கணினியில் கிளிக்கே வேண்டாம், ஒரு ஸ்கிரிப்டில் எழுதி எல்லாவற்றிலும் ஓட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம், அதை அந்தந்தப் பயனரின் செஷனுக்குள் ஓட்ட வேண்டும், சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டுகிற கட்டளை) போட்டால் ரூட்டின், அதாவது நிர்வாகிக் கணக்கின், செட்டிங்ஸ்தான் மாறும், பயனருக்கு ஒன்றும் தெரியாது.

எளிமை கூடினால் பலம் குறையுமா என்றீர்கள். க்னோம் செட்டிங்ஸில் பொத்தான்கள் குறைவு, அதைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அடியில் இருக்கிற கீக்கள் அந்தப் பொத்தான்களை விட மிக அதிகம். மேலே குறைத்தார்கள் என்பதற்காக அடியில் குறைந்துவிடவில்லை.

கிளிக்மட்டும்:

ஷெல்வாசி சொன்னதெல்லாம் நிர்வாகிக்கு நல்லது. அந்தக் கணக்கு பார்க்கிறவருக்கு என்ன பதில்?

நான் தினமும் லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். டெர்மினலைத் திறப்பதில்லை, திறக்க விருப்பமும் இல்லை, அதற்காக யாரிடமும் வெட்கப்படப் போவதுமில்லை. ஆனால் எந்தச் சந்தேகம் கேட்டாலும் வருகிற முதல் பதில் "டெர்மினலைத் திறந்து இதை ஒட்டுங்கள்" என்பதுதான். எழுத்துரு சேர்க்க வேண்டும் என்றால்கூட, கோப்பை எங்கே நகலெடுப்பது, அப்புறம் எஃப்சி-கேஷ் ஓட்டுவது என்று நாலு வரி வருகிறது. எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் நிறுவுவதற்கு ஒரு பொத்தான் வருகிறது ஐயா, அதைச் சொல்ல ஏன் மனம் வரமாட்டேன் என்கிறது?

இதில் ஆபத்தும் உண்டு. 2021இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பெரிய யூடியூப் சேனல் நடத்துகிறவர் ஒருவர் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தை நிறுவப் பார்த்தார். மென்பொருள் கடை முடியாது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. அவர் தேடிப் பார்த்து, டெர்மினலுக்குப் போய், மென்பொருள் ஏற்றுகிற ஆப்ட் கட்டளையை அடித்தார். அந்தச் சமயத்தில் பேக்கேஜ் சார்புகளில் (எந்த மென்பொருளுக்கு எது தேவை என்ற கணக்கில்) ஒரு சிக்கல் இருந்ததால், ஸ்டீமை ஏற்ற வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே கழற்ற வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் கொடுத்தது, "ஆமாம், நான் சொல்கிறபடி செய்" என்கிற அர்த்தத்தில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால்தான் மேலே போவேன் என்றது. அவர் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போனது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் கடை செய்ததுதான் சரி. அது மறுத்ததைச் செய்து தர பக்கத்திலேயே ஒரு கதவு இருந்தது, ஸ்டீம் நிறுவ வழி தேடுகிறவருக்கெல்லாம் இணையம் அந்தக் கதவைத்தான் காட்டியது. பிற்பாடு ஆப்ட்டிலேயே அந்த வாக்கிய ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அத்தியாவசியப் பேக்கேஜைக் கழற்றுவதென்றால் தனியாக ஓர் ஆப்ஷன் கொடுத்தே ஆகவேண்டும் என்று இறுக்கினார்கள். சிரித்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதனால் தட்டச்சுப்பிரியன், உங்கள் ஆட்களுக்கு டெர்மினல் ஐகானே கண்ணில் படாதபடி வையுங்கள். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஆர்ச் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ், கேடிஇ டெஸ்க்டாப்கூட இருக்கிறது, ஆனாலும் விளையாடுகிறவர் ஒரு கட்டளைகூட அடிக்காமல் காலத்தை ஓட்டலாம். ரூட் பகுதி, அதாவது இயங்குதளக் கோப்புகள் இருக்கிற இடம், எழுத முடியாதபடி பூட்டியிருக்கும். வேண்டுகிறவன் டெஸ்க்டாப் மோடுக்குப் போய், கான்சோலைத் திறந்து, முதலில் ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, அந்தப் பூட்டைக் கழற்றிக்கொள்ளலாம். யாரும் தடுக்கவில்லை. தற்செயலாக யாரும் அங்கே போய் விழவும் மாட்டார்கள். எனக்குத் தெரிந்து இதை விட ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

குழாய்வழி:

கிளிக்மட்டும் அவர்களே, எழுத்துரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மற்றதில் இல்லை.

பதில்கள் ஏன் கட்டளையாகவே வருகின்றன என்று யோசித்துப் பார்த்தீர்களா? சவுண்ட் வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். அவர் க்னோமில் இருக்கிறாரா, கேடிஇயா, எக்ஸ்எஃப்சிஇயா, சின்னமனா என்று பதில் சொல்கிறவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எந்தப் பதிப்பு என்று தெரியாது. உபுண்டு 2011இல் யூனிட்டிக்குப் போனது, 2017இல் மறுபடி க்னோமுக்குத் திரும்பியது, அந்த 2011இல்தான் க்னோமே 2இலிருந்து 3க்கு மாறித் தலைகீழானது. ஒவ்வொரு மாற்றத்திலும் "மேலே இடது மெனுவில் மூன்றாவதைக் கிளிக் செய்யவும்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டு எழுதிய குறிப்புகள் அத்தனையும் செல்லாக்காசு. எழுத்தைத் தேடித் தருகிற கிரெப் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள், 1970களின் யுனிக்ஸில் ஓடியது, இன்றைக்கும் அதே பெயரில் அதே வேலையைச் செய்கிறது. அது மட்டுமில்லை, கட்டளையில் பிழை வந்தால் அந்த எழுத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பலாம். விண்டோவில் பிழை வந்தால் நமக்குக் கிடைப்பது "ஏதோ சிவப்பாக வந்தது, மூடிவிட்டேன்".

ஆனால் கட்டளை பெரிது, கிளிக் சிறிது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. உங்கள் வடிவமைப்பாளரையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபோல்டர் நிறையப் படங்கள், எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பெயர் மாற்ற வேண்டும். இதற்கு டெர்மினல் தேவையே இல்லை. கேடிஇயின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால், எண் வர வேண்டிய இடத்தில் ஒரு ஹேஷ் குறி போடச் சொல்லும், முடிந்தது வேலை. இதையே ஃபார் லூப் எழுதிச் செய்கிறவரைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். இப்போது வேலையைக் கொஞ்சம் மாற்றுங்கள். இந்த வாரம் வந்த படங்கள் மட்டும், அகலம் 1600 பிக்சலுக்கு மேல் இருப்பவற்றை மட்டும் சுருக்க வேண்டும், மூலப் படத்தைத் தொடக்கூடாது, சுருக்கியது வேறு ஃபோல்டரில் போக வேண்டும், இது வாரா வாரம் நடக்க வேண்டும். இப்போது எந்த விண்டோவில் எந்தப் பொத்தானைத் தேடுவீர்கள்? ஃபைண்ட் தேதியைப் பார்த்துக்கொள்ளும், இமேஜ்மேஜிக்கில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு "அதைவிடப் பெரிது" குறி சேர்த்தால் சிறிய படங்களை அதுவே விட்டுவிடும், கிரான் கிழமையைப் பார்த்துக்கொள்ளும். மூன்றையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் நினைத்து எழுதவில்லை. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளே செலுத்தும் பைப் 1973இல் யுனிக்ஸுக்கு வந்தது, டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், கென் தாம்சன் செய்து கொடுத்தார். இன்றைக்கும் டெர்மினலின் பலம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இந்தச் சேர்மானத்தைத்தான் சொல்வேன்.

ஒரு தடவை செய்கிற வேலைக்கு மவுஸ். திரும்பத் திரும்ப வருகிற வேலைக்கு ஸ்கிரிப்ட். கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற வேலைக்கு, அதாவது இரண்டு மானிட்டரை எது இடது எது வலது என்று அடுக்குவது, டிஸ்கில் எது இடத்தை அடைக்கிறது என்று தேடுவது மாதிரி விஷயங்களுக்கு, எவ்வளவு தேர்ந்தவரானாலும் விண்டோதான் வேகம்.

டெர்மினல் ஐகானை மறைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. பாதுகாப்பு வேண்டுமென்றால் பின்னால் திரும்பிப் போகிற வழியைப் போட்டுக் கொடுங்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை போட்டிருந்தால் ஸ்னாப்பர் ஒவ்வொரு பேக்கேஜ் மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் தானாகவே ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளும், பூட் மெனுவிலேயே பழைய நிலைக்குப் போகலாம். அது இருந்தால் கிளிக்கில் கெட்டாலும் சரி, கட்டளையில் கெட்டாலும் சரி. ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: இணையத்திலிருந்து இறக்குகிற கர்ல் கட்டளையை நேராக சூடோ பேஷுக்குள் (கட்டளைகளை ஓட்டுகிற ஷெல்லுக்குள்) பைப் செய்யச் சொல்கிற எந்தத் தளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இறக்கி, திறந்து, படித்துவிட்டு ஓட்டலாம்.

தட்டச்சுப்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. ஷெல்வாசி சொன்ன டிகான்ஃப் வாட்சை இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், பிரமாதம், இத்தனை நாள் இதைத் தெரியாமல் ஜிசெட்டிங்ஸ் பட்டியலை கிரெப் செய்து கண் வலித்துப்போயிருக்கிறேன்.

கிளிக்மட்டும் சொல்கிற பூட்டும் குழாய்வழி சொல்கிற ஸ்னாப்ஷாட்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று எனக்குத் தோன்றவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் கேள்வியின் கடைசிப் பகுதியை யாரும் தொடவில்லை. மவுஸிலிருந்து கட்டளைக்குப் போக நடுவில் படிகள் உண்டா? இந்தப் பக்கம் பொத்தான், அந்தப் பக்கம் வெறும் டாலர் குறியும் மின்னும் கர்சரும், நடுவில் ஒன்றுமில்லை என்றால் யார் தாண்டுவார்கள்?

சர்வர்அக்கா:

தம்பி, நடுவில் நிறைய இருக்கிறது, யாரும் சுட்டிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கேடிஇயில் டால்ஃபினைத் திறந்து எஃப்4 அழுத்துங்கள். அதே விண்டோவின் கீழே ஒரு டெர்மினல் முளைக்கும். மேலே ஒரு ஃபோல்டருக்குள் கிளிக் செய்து போனால் கீழே சிடி கட்டளை தானாக ஓடும், கீழே சிடி அடித்தால் மேலே ஃபோல்டர் மாறும். நான் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் இங்கேதான் ஆரம்பிப்பேன். தாங்கள் ஏற்கனவே கையாளுகிற கோப்புகளைத்தான் அந்தக் கருப்புப் பகுதியும் பேசுகிறது என்று பார்த்த பிறகு பாதி பயம் போய்விடும். இதோடு ஃபிஷ் ஷெல்லைப் போட்டுக் கொடுங்கள், 2005இலிருந்து இருக்கிறது. முன்பு அடித்ததை வைத்து, இதைத்தானே அடிக்கப் போகிறீர்கள் என்று சாம்பல் நிறத்தில் முன்கூட்டியே காட்டும், வலது அம்பை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். பேஷ் ஸ்கிரிப்ட் இலக்கணம் அதில் முழுதாகச் செல்லாது, அதனால் உங்கள் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பேஷ் என்று போட்டுவிடுங்கள், ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாவது, டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கிற ஜிபார்ட்டட். பார்ட்டிஷனை இழுத்துப் பெரிதாக்கி, வேலைகளை வரிசையில் சேர்த்து, அப்ளை கொடுத்ததும் ஒரு விண்டோ வரும் இல்லையா, அதில் விவரங்களை விரித்துப் பாருங்கள். இ2எஃப்எஸ்சிகே இன்ன ஆப்ஷனோடு ஓடியது, ரீசைஸ்2எஃப்எஸ் இப்படி ஓடியது என்று உள்ளே ஓடின கட்டளைகளையே காட்டும், அந்தப் பதிவைச் சேமித்தும் வைக்கலாம். எல்லா வரைகலைக் கருவியும் இப்படி இருந்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது என்பது என் கருத்து. பொத்தானை அழுத்துகிறவனுக்கு அது என்ன செய்தது என்று காட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

மூன்றாவது, எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிற படி. குழாய்வழி சொன்ன அந்தப் படம் சுருக்குகிற ஸ்கிரிப்டை நீங்கள் எழுதுங்கள், வடிவமைப்பாளர் அதை வலது கிளிக்கில் ஓட்டட்டும். டால்ஃபினுக்கு சர்வீஸ் மெனு என்று ஒரு சின்ன டெஸ்க்டாப் கோப்பு எழுதினால் போதும். க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸில் இன்னும் சுலபம், அதற்கென்று ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிற ஸ்கிரிப்ட்ஸ் என்ற மறைவான அடைவில் போட்டு இயக்க அனுமதி கொடுத்தால் மெனுவில் வந்துவிடும். அகலம் எவ்வளவு என்று கேட்க வேண்டுமா? கேடிஇயில் கேடயலாக், க்னோமில் ஸெனிட்டி, ஸ்கிரிப்டுக்குள் ஒரே வரியில் ஒரு கேள்விப் பெட்டி வந்து நிற்கும். அவருக்கு அது ஒரு மென்பொருள், உங்களுக்கு அது பத்து வரி ஷெல்.

பேக்கப் விஷயத்திலும் இதே மாதிரி தேர்ந்தெடுங்கள். போர்க் பேக்கப் கட்டளைக் கருவி, வோர்ட்டா அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிற விண்டோ. அவர்கள் வோர்ட்டாவில் பொத்தானை அழுத்தட்டும், ஒரு நாள் அந்தக் கணினி திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் நீங்கள் வேறு எங்கிருந்தோ எஸ்எஸ்எச்சில் போய், பாஸ்வேர்டு கையில் இருந்தால் சரி, வெறும் போர்க் கட்டளையிலேயே கோப்பை எடுத்துவிடலாம்.

உங்கள் பக்கத்து வேலைக்கு காக்பிட் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரவுசரில் 9090 போர்ட்டில் திறக்கும். அது தனக்கென்று எந்தப் பதிவும் வைத்துக்கொள்வதில்லை, சேவைகளை நடத்துகிற சிஸ்டம்டியையும் நெட்வொர்க் மேனேஜரையும் நேரடியாகக் கேட்டுத்தான் காட்டுகிறது, ஷெல்வாசியின் சோதனையில் தாராளமாகத் தேறும். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது யாராவது ஒரு சேவையை மறுபடி தொடங்க வேண்டுமென்றால் அவர்களுக்கு ஃபோனில் சொல்லிக் கொடுக்கலாம்.

டிஸ்ட்ரோவுக்கு வருவோம். டெபியன் ஸ்டேபிள், கேடிஇ. உங்களுக்கு டெபியன் பழக்கமில்லை என்றால் மின்ட், அதிலும் ஒரு குறையும் இல்லை. ஆர்ச் நல்லதுதான், நானே வீட்டில் வைத்திருக்கிறேன், ஆனால் அப்டேட் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் செய்திப் பக்கத்தைப் படிக்கிற பழக்கம் வேண்டும், கணக்கு பார்க்கிறவர் அதைப் படிக்கப் போவதில்லை. போகிற போக்கில் ஒன்று: ஆர்ச்சிலேயே 2012இல் மெனு வைத்த இன்ஸ்டாலரைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் கையால் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2021இல் ஆர்ச்இன்ஸ்டால் என்று மறுபடி ஒன்று நிறுவல் ஐஎஸ்ஓவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கையால் அமைப்பதுதான் புனிதம் என்று உங்களிடம் சொன்ன அந்தக் கட்சிக்கு இதை நினைவுபடுத்துங்கள்.

செவிவழி:

நான் திரைவாசிப்பானை வைத்துக் கணினி பயன்படுத்துகிறவன், அதனால் இந்த விவாதம் எனக்கு வேறு மாதிரி படுகிறது.

டெர்மினல் கடினம், விண்டோ எளிது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பெயர் வைக்காத பொத்தான்கள் நிறைந்த ஒரு விண்டோவில் ஓர்க்கா எனக்குப் படித்துக் காட்டுவது "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்பதுதான். கட்டளையோ எழுத்து, பதிலும் எழுத்து, பிஆர்எல்டிடிஒய் இருந்தால் டெஸ்க்டாப் ஏறாத கன்சோலில்கூட பிரெய்ல் பட்டையில் விரலால் படித்துவிடலாம். அதற்காக டெர்மினல் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். எச்டாப் மாதிரி முழுத் திரையையும் கட்டம் கட்டி நொடிக்கு நொடி மாற்றி எழுதுகிற கருவிகள் எனக்கு மோசமான விண்டோவை விட மோசம். வரி வரியாக விழுகிற கட்டளை, ஒழுங்காகப் பெயர் வைத்த பொத்தான், இந்த இரண்டும்தான் எனக்கு எளிமை.

இன்னொன்று, தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற அலுவலகமா உங்களுடையது? அப்படியென்றால் டெர்மினலை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் சம அகலக் கட்டத்துக்குள் வைக்கப் பார்க்கும், நம் எழுத்துகள் அதற்குள் அடங்காது, பல டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து போய் நிற்கிறது என்று கண் தெரிந்த நண்பர்கள் புலம்புவார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் கோரம். முதல் நாளே அதைப் பார்த்து பயந்துவிட்டால் சர்வர்அக்கா சொன்ன எஃப்4 எல்லாம் வீண்.

கிளிக்மட்டும்:

வலது கிளிக்கில் ஸ்கிரிப்ட், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுங்கள் அக்கா. ஷெல் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் தோற்றால் வாயைத் திறப்பதில்லை, கிளிக் செய்தவர் பாட்டுக்கு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

சர்வர்அக்கா:

நியாயமான பேச்சு. கேடயலாக்கிலேயே பிழைப் பெட்டி இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு முக்கியமான கட்டளைக்குப் பிறகும் அது தோற்றதா என்று பார்த்து, தோற்றால் எந்தக் கோப்பில் நின்றது என்று பெட்டியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கோப்புப் பெயரில் இடைவெளி வரும், வராமல் இருக்காது, அதனால் மாறிகளை எல்லாம் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வலது கிளிக் ஸ்கிரிப்டுகள் பாதி இதில்தான் சாகும்.

தட்டச்சுப்பிரியன்:

சரி, முடிவு செய்துவிட்டேன். டெபியன், கேடிஇ, என் பக்கம் காக்பிட், அவர்கள் பக்கம் வோர்ட்டா. டெர்மினலை மெனுவில் விட்டுவிடுகிறேன், டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கவில்லை. எஃப்4ஐ வடிவமைப்பாளரிடம் மட்டும் காட்டப் போகிறேன், அவருக்குத்தான் கோப்பு வேலை அதிகம், ஆர்வமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அவர்கள் யாருக்கும் சூடோ கொடுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் புது பிரிண்டர் சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் ரூட் பாஸ்வேர்டு கேட்டு என் மேசைக்கு வந்து நிற்பதும் வேண்டாம். என்ன செய்யலாம்?

சர்வர்அக்கா:

அதற்கு சூடோ எதற்கு? டெபியனில் எல்பிஅட்மின் என்ற பெயரிலேயே ஒரு குழு உண்டு, அதில் இருப்பவர்கள் கப்ஸை நிர்வகிக்கலாம், கேட்டால் அவரவர் பாஸ்வேர்டே போதும். பாதுகாப்பு அப்டேட்களை அனட்டெண்டட் அப்கிரேட்ஸ் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கும் அவர்கள் உங்களைத் தேடி வர வேண்டாம். குழுவில் சேர்க்க யூசர்மாட் பயன்படுத்துவதாக இருந்தால் பெரிய ஜி-க்கு முன்னால் சின்ன ஏ போட மறக்காதீர்கள், அதை விட்டால் அவர் ஏற்கனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்து எல்லாம் கழன்றுவிடுவார். சேர்த்த பிறகு அவரை ஒரு தடவை லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள், அதுவரை எதுவும் மாறின மாதிரி தெரியாது.